கூலி ஆளாக வந்த மேட்டுப் பட்டிக்காரர்

பால் கறப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு மாடே உதைத்துச் சொல்லித்தரும். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள் என்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு இன்ஸ்பெக்டர் இருக்கிறார். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், "ஐயா பழைய ஆள், தொழிலைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். நான் சாமர்த்தியமாகச் சமாளித்த சங்கதிகளைச் சொல்லலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் அவையெல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. சொல்கிற எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. அதையே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது நீங்கள் பாலைப் பாட்டிலில் அடைத்து, வேனில் ஏற்றி, வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். கறந்தவன் யார், மாடு எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நான் தொழிலில் இறங்கியது சிங்கப்பூருக்குப் பாலம் போட்டு முடித்த சமயம். அன்றைய ஜொகூர் பாருவில் எங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள். கொட்டகையில் கறந்து எடுத்து வந்த பால் என்றால் அதில் பாதி குழாய்த் தண்ணீர் என்பது ஊரார் தீர்மானம். தீர்மானத்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் மாட்டையும் கன்றையும் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போவோம். வீட்டம்மா பாத்திரத்தோடு வெளியே வருவார். முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அதில் ஒரு சொட்டும் இல்லை என்று அவர் பார்த்த பிறகுதான் மாட்டின் கீழே குந்தலாம். அவர் கண்ணெதிரே கறந்து, நுரையோடு அவருடைய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்போம்.

எங்களுக்குச் சொத்து என்றால் அது பால் வாங்குகிற வீடுதான். மாடு செத்தால் கடன்பட்டாவது இன்னொரு மாடு வாங்கலாம். ஒரு வீடு வேறு ஆளிடம் போய்விட்டால் அது போனதுதான். என் வீடுகளில் நீ நுழையக் கூடாது, உன் வீடுகளில் நான் நுழையமாட்டேன். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் லயத்து வரிசைக் குடிசைகளில் இருந்த சின்னப் பால்காரர்கள் நாங்கள் நாலு பேரும் இதை மீறியதில்லை. என்னிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அடுத்த கொட்டகையில் மாரியாயி இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவன் விட்டுப்போன ஒற்றை மாட்டையும் நாலு வீடுகளையும் வைத்துப் பிழைத்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, ஊரில் திரும்பிப் போக ஆளும் இல்லை. அந்த நாலு வீடுகள்தான் அவளுக்கு எல்லாம்.

எங்கள் எல்லாருக்கும் பொதுவான எதிரி ஒருவர் இருந்தார். ஊருக்கு வெளியே மேட்டில் பெரிய மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அவருக்கே அது பிடிக்காது. மேட்டுப் பட்டிக்காரர் என்றுதான் ஊரே சொல்லும். ஆஸ்பத்திரி, பட்டாளம், வெள்ளைக்காரர்களின் கிளப் என்று பெரிய இடங்களுக்கெல்லாம் அவருடைய பால்தான். ஆஸ்பத்திரிப் பால் முன்பு எங்கள் லயத்தின் கையில் இருந்தது. அவர் குறைந்த விலைக்குக் கேட்டு அதை வாங்கிக்கொண்டார். அதற்காக நாங்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. அவருடைய பாலைக் குடித்தால் நோயாளிக்கு நோய் தீராது, தாகம்தான் தீரும் என்று நான் பாசார் சந்தையில் சொன்ன வேடிக்கை ஊர் முழுக்கச் சுற்றியது. அவர் காதுக்கும் போயிருக்கும். என் வாயைப் பற்றி இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் கோமாரி வந்தது. முதலில் யாரோ ஒருவருடைய வண்டி மாட்டுக்கு வாயில் புண் என்றார்கள். பிறகு எங்கள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. மாடுகள் நொண்டின, தீனியைத் தொடவில்லை, பால் வற்றிவிட்டது. என் இரண்டு மாடுகளும் படுத்தன. மாரியாயியின் மாடு செத்தே போயிற்று. மாட்டு டாக்டர் துரை வந்து, படுத்த மாடுகளைக் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு போட்டார். பாலத்தைத் தாண்டி ஒரு மாட்டையும் கொண்டுவரக் கூடாது என்றும் தடை போட்டார்கள். ஊரில் பால் இல்லை. டின் பால் விற்கிற கடைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். கடை வாசலில் நம் வீட்டு அம்மாமார்களே டின்னும் கையுமாக நிற்பதை நான் பார்த்தேன். பார்த்தும் பாராததுபோல் வேறு சந்தில் திரும்பிப் போனேன்.

மேட்டில் மட்டும் நோய் இல்லை. அது தனியாக ஒதுங்கிய இடம், வெளி மாடு எதுவும் அங்கே போவதில்லை. ஆஸ்பத்திரிப் பாலை விட்டுக்கொடுத்த நாங்கள் இனி வீடுகளையும் அந்த மனுஷனிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அந்த நிலையில்தான் ஒருநாள் அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். லயத்துக்குள் காலே வைக்கவில்லை. நோய் தன் காலோடு மேட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் இந்தப் பக்கம் நின்றேன். பேசியதெல்லாம் லயத்துக்கே கேட்டது.

"உங்க வீடெல்லாம் எப்படி நடக்குது?" என்று கேட்டார்.

"எங்க நடக்குது? எல்லாம் படுத்துக்கிச்சு. பார்த்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எங்கிட்ட கறவை இருக்கு. காலையில முதல்ல உங்க வீடுகளுக்கு ஒண்ணு, அது முடிஞ்சதும் அந்தத் தங்கச்சி வீடுகளுக்கு ஒண்ணு ஓட்டிக்கிட்டு வர்றேன். மத்த ரெண்டு பேருக்கு என் மச்சான் வருவாரு. நீங்க முன்னால போங்க, மாடு பின்னால வரும். தீனிச் செலவை மட்டும் குடுங்க, போதும். வீடு உங்க வீடுதான். உங்க மாடு எழுந்ததும் நான் என் மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

"மாட்டைக் குடுங்க, நாங்களே கறந்துக்கிறோம். நீங்க எதுக்கு வரணும்?"

"கை பழகாத ஆளுக்கு அது பால் விடாது, உங்களுக்குத் தெரியாததா? கறக்கிற ஆளுங்கள அனுப்பினா அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் பால் போகாது. அப்புறம், அவனுங்களுக்கு வாய் சும்மா இருக்காது. மேட்டுப் பட்டி மாடுன்னு வாசல்ல நின்னு பெருமை பேசுவானுங்க. யாரு மாடுன்னு தெரிஞ்சா உங்க வீட்டுக்காரங்க நேரா எங்கிட்ட வருவாங்க. அதோட உங்க கதை முடிஞ்சிடும். அதனால நானே வர்றேன். வீட்டுப் பக்கம் என் மூஞ்சி யாருக்கும் தெரியாது."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றேன். கேட்டது எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது.

"டின்னுக்கு ஜனங்க பழகிட்டா நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் சேர்ந்து வேலை இருக்காது. பாவம் பார்த்து வந்தேன்னு நெனச்சுக்காதீங்க" என்றார்.

பாவம் பார்த்து வந்திருந்தால் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். எங்கள் வீடுகளை நோட்டம் பார்க்கத்தான் இந்த நாடகம் என்று மாரியாயியிடம் சொன்னேன். "நோட்டம் பார்த்தா பார்த்துட்டுப் போவட்டும்ணே. பட்டினி கிடந்துக்கிட்டு வீட்ட யாருக்குக் காப்பாத்தப் போறோம்?" என்றாள். அவள் சரியென்றதால் நானும் சரியென்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் தெருமுனையில் மாட்டோடு நின்றார். அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, கழுத்து மூடிய பழைய சட்டை. மாட்டின் குளம்புகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி ஓட்டிவந்திருந்தார். ஊர்த் தெருவில் நடந்த மாடு நோயைச் சுமந்துகொண்டு மேடேறினால் அவருடைய பட்டி முழுக்கப் படுத்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் வீட்டிலேயே வீட்டம்மா, "இது யாரு, புது ஆளா இருக்கு?" என்று கேட்டார். என்ன சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "அண்ணன்கிட்ட வேலைக்கு வந்திருக்கேம்மா. கறக்கிற கூலி ஆளு." சொல்லிவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார், குந்தினார், கறந்தார். நான் முதலாளி மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனாம். அவர் என்னைவிட மூத்தவர். பட்டாளத்துக்கும் கிளப்புக்கும் பால் கொடுக்கிறவர். பாசாரில் நான் வாய்க்கு வந்தபடி பேசிய மனுஷன் என் காலடியில் குந்தி எனக்காகக் கறக்கிறார். வீட்டம்மா என்னைப் பார்த்து, "ஆளு பரவாயில்ல, சுத்தமாத்தான் கறக்கிறான்" என்கிறார். நான் தலையாட்டுகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஒருநாள் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது வாரக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு வாசலிலும் கூனிக் குறுகிப்போவேன். ஒரு வீட்டில், "உங்க ஆளுகிட்டச் சொல்லி அந்தக் குப்பையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்வதற்குள் அவர் தள்ளிவிட்டு வந்துவிடுவார். இன்னொரு வீட்டில் எனக்குக் கோப்பையில் காப்பி கொடுத்துவிட்டு, அவருக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். அவர் அதையும் குடித்தார். நான்தான் கோப்பைக் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னை ஏன் இப்படிக் கடனாளியாக்குகிறான் இந்த ஆள் என்று உள்ளுக்குள் பொருமினேன். உதவி வாங்குகிறவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது பொல்லாத கோபம். உங்களுக்கும் ஒருநாள் வரும். வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

என் வீடுகளில் பெரியது அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கு மேலே இருந்த பெரிய கிராணியின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர்கள். நல்ல மனுஷர்கள், அளவு மட்டும் கறாராக இருக்க வேண்டும். அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்து சில மாதம். தாய்ப்பால் போதாமல் எங்கள் பாலைக் காய்ச்சித்தான் கொடுத்தார்கள். அந்தக் காலையில் நாங்கள் போனபோது அந்த அம்மாவின் முகமே சரியில்லை. இரவெல்லாம் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, தூங்கவில்லை என்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"இவர் ஆர்? எந்த ஊர் ஆள்? இவர் வரத் தொடங்கின பிறகுதான் பிள்ளைக்கு வருத்தம்" என்றார் என்னிடம்.

"நல்ல ஆளும்மா. கை சுத்தம்" என்றேன்.

"செம்பைக் கவிழ்த்துக் காட்டினா மட்டும் போதுமோ? சட்டைக்குள்ள தோல் பையில தண்ணி வச்சிருக்கிறவையும் இருக்கினம். எங்கட வீட்டுக்கு முந்தி வந்த ஆள் அப்பிடித்தான் செய்தவன்."

அது உண்மை. சட்டைக் கைக்குள் குழாயை விட்டு, கறக்கிறபோது தண்ணீரையும் சேர்த்து விடுகிற கில்லாடிகள் எங்கள் தொழிலில் இருந்தார்கள். அந்த அம்மா பயந்ததில் குற்றமே இல்லை. சத்தம் கேட்டுக் கிராணி வெளியே வந்தார். ஆபீஸுக்குப் புறப்பட்டு நின்றவர். அவருக்கும் தூக்கம் இல்லை.

"சட்டையைக் கழற்றச் சொல்லுங்கோ. வேட்டி மடிப்பையும் அவிழ்த்து உதறிக் காட்டட்டும். ஒண்டும் இல்லையெண்டால் நல்லதுதானே" என்றார்.

மேட்டுப் பட்டிக்காரர் செம்பைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். தலைத்துண்டை எடுத்து உதறி மாட்டின் முதுகில் போட்டார். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார், இரண்டாவதைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வீட்டு வேலிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவருடைய கை வேட்டி மடிப்புக்குப் போயிற்று.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "ஐயா, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். "இவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மேட்டுப் பட்டி முதலாளி. ஆஸ்பத்திரிக்குப் பால் குடுக்கிறவரு. இந்த மாடே அவரோட மாடு. என் மாடெல்லாம் படுத்துக்கிச்சு. மாரியாயிக்கும் இவருதான் மாடு குடுக்கிறாரு. எங்க லயத்துக்கே இவருதான் குடுக்கிறாரு. இவர் மடியை அவுக்கச் சொல்றீங்களே."

கிராணி அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேலிக்கு மேலே இருந்த தலைகள் நாலாயின.

மேட்டுப் பட்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவை விட்டு வெளியே வரும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நல்ல மனுஷனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வாரக்கணக்கில் சுமந்த பாரம் இறங்கிப்போய் உடம்பே லேசாகிவிட்டது. பின்னால் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் என் முதல் வீட்டு அம்மா பாத்திரத்தோடு வந்து நின்று, "மேட்டுப் பட்டி மாடாமே? அப்போ நடுவுல நீ எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சில பேர் கேட்கக்கூட இல்லை, நேராக மேட்டுக்கே போய்விட்டார்கள். அவர்களையெல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். "வீட்டுக்குக் குடுக்க எங்கிட்டப் பால் இல்லைங்க. உங்க பால்காரங்ககிட்டயே வாங்குங்க, அதே பால்தான்" என்றாராம். அவர்களுக்கு அது ஏளனமாகப் பட்டது. முதலாளி நம்மை மதிக்கவில்லை, அந்தப் பால்காரன் நம்மை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறான், இரண்டு பேர் உறவும் வேண்டாம் என்று டின் பாலுக்கே போய்விட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு அதிகம் போகவில்லை. கிராணி வீட்டம்மா தன் வீட்டில் நடந்ததை நினைத்து வெட்கப்பட்டு, பிள்ளைக்கு இனி உங்கள் பால்தான் என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு வந்தது பல் முளைக்கிற வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கிராணி வீடே வாங்குகிறதென்றால் நாமும் வாங்கலாம் என்று அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னிடமே நின்றார்கள். மற்ற இரண்டு பால்காரர்களும் அவரவர் சொந்தபந்தத்தை வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். மாரியாயிக்கு அப்படிப் பேச ஆளில்லை. நாலு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின.

ஒரு காலை, என் வீடுகளை முடித்துக்கொடுத்துவிட்டு அவர் மாரியாயியோடு போன பிறகு, அவர்கள் இருவரையும் தெருவில் பார்த்தேன். மாரியாயி முன்னால் வந்தாள், மேட்டுப் பட்டிக்காரர் மாட்டோடு பின்னால் வந்தார். மாட்டுக்கு மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாசலிலும் கறக்கவில்லை. என்னைப் பார்த்து அவர் தலையசைத்தார். மாரியாயி கன்றின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் நான் மேட்டுக்குப் போனேன். பட்டிக்குள் போகவில்லை, கேட்டுக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "உங்களைப் போய் அவங்க சோதனை போடுறதைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா நிக்க முடியல முதலாளி" என்றேன்.

"உதறிக் காட்டியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்யா" என்றார். "ஒண்ணும் இல்லைன்னு அவங்க பார்த்திருப்பாங்க. நான் வேட்டியைத் திரும்பக் கட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு வந்திருப்பேன். எனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

கிளப்புக்குப் போகிற பாலை நிறுத்திவிட்டுத்தான் அவர் எங்களுக்கு மாடு ஓட்டிவந்தார் என்பதும், கிளப்காரர்கள் அதற்குள் சிங்கப்பூரிலிருந்து வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதும் வழியில் பார்த்த அவருடைய மச்சான் சொல்லித்தான் அன்று எனக்குத் தெரிந்தது. அதை அவர் சொல்லவில்லை. "நாளைக்கு முதல்ல எந்த வீட்டுக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளும் வந்தார். என் மாடுகள் எழுந்து பால் விடும்வரை தினமும் வந்தார். இப்போது அவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். சில வீடுகளில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்காரவில்லை, மாட்டின் கீழே குந்தினார். பழையபடி செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். வேண்டாம் முதலாளி என்று அவர்கள் சொன்னாலும் காட்டினார். கோப்பைக் காப்பி இப்போது அவருக்கும் வந்தது. எனக்கு அவருக்குப் பிறகுதான். அதுதான் சரி என்று நினைத்துக் குடித்தேன்.

நீங்கள் இளவட்டம். உங்களுக்கும் சரக்குத் தட்டுப்பாடு வரும். வேன் நின்றுபோகும், பாட்டில் வராது, பாலே வராது. அப்போது பெரிய கம்பெனிக்காரர் யாராவது கைகொடுப்பார். கொடுக்கிறவர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பேசுவீர்கள். அதை அவர் பார்த்துக்கொள்வார். வாங்குகிறவன் எப்படி நிற்க வேண்டும் என்று ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு நிற்கத் தெரியவில்லை. அவருடைய மானத்துக்காகப் பேசினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தன் மானத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறைப்பட்டதில்லையே. குறுகிப்போய் நின்றவன் நான்தான். எனக்குத்தான் அந்த இடத்திலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது. தப்பித்தேன், கதவு மாரியாயியின் மேல் விழுந்தது.

அவள் ஒரு கங்காணியைப் பிடித்து மாசாய் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். புறப்படுகிற அன்று துணி மூட்டையோடு என் கொட்டகைக்கு வந்து, "போயிட்டு வர்றேண்ணே" என்றாள்.

என் வீடுகளில் இரண்டை எடுத்துக்கொள், என் மாட்டையே ஓட்டிப் போ, நான் வந்து பேசிக் கொடுக்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அன்னிக்கு என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியலம்மா. வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மட்டும் இல்லையாண்ணே? போலீஸ் லைன் வீட்டுல அவரை வாசல் சாணிய அள்ளச் சொன்னாங்க. கையால அள்ளினாரு. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன். இன்னொரு வீட்டுல, இந்த ஆளு யாரு, உன்னை வச்சிக்கிட்டிருக்கிறவனான்னு கேட்டாங்க. அதையும் கேட்டுக்கிட்டு நின்னேன். அவரும் கேட்டுக்கிட்டு நின்னாரு. இது மேட்டுப் பட்டி முதலாளின்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டேன். நான் சொன்னா என் மனசு ஆறிப்போயிடும். உங்க வீடெல்லாம் போயிடுமேன்னு நெனச்சேன்."

'உங்க வீடு' என்றுதான் சொன்னாள். அவளுடைய நாலு வீட்டைச் சொல்லவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றேன். கங்காணியின் வண்டி ரோட்டில் நிற்கிறது, நேரமாகிறது என்று சொல்லி அவள் மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தூக்கிவிட நான் கை நீட்டினேன். அதற்குள் அவளே தூக்கிவிட்டாள்.